பங்கைக் கேளுங்கள், பழியைக் கேளாதிருங்கள்



 இந்த மாத வேதபாடத்திற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பகுதிகள் ஆதியாகமம் 27, 33 அதிகாரங்களும், எண்ணாகமம் 27:1-11 வசனங்களும். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். தகப்பன் விட்டுப்போன நிலத்துக்காக உடன்பிறந்தவர்கள் பகைத்து, ஒருவர்மேல் ஒருவர் பழிதீர்த்துக்கொள்ளும் காரியத்தைப் பற்றியே இந்தப் பாடம்.

"இதெல்லாம் வேதபாடத்துல வரணுமா பிரதர்?" என்று சிலர் கேட்கலாம். வரத்தான் வேண்டும். ரமணாசிரமம் பகுதியில் வீட்டு ஜெபங்களுக்குப் போகும்போது எனக்கு வருகிற ஜெப விண்ணப்பங்களில் வியாதிக்கு அடுத்தபடி நிலத் தகராறுதான். செங்கம் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் மல்லாட்டையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகள். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் பெருகியது. வெளிநாட்டார் வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். கொல்லைகள் மனைகளாயின. அன்று காணிக் கணக்கில் பேசின நிலத்தை இன்று சதுர அடிக் கணக்கில் பேசுகிறார்கள். விலை ஏறினபோது பழைய கோபமும் கூடவே ஏறிக்கொண்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கில் கொலைக்கான காரணங்களில் சொத்துத் தகராறுக்கென்று தனி இடமே இருக்கிறது. ஆகவே இது உலகத்தாருடைய காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம்முடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற காரியம் இது.

1. பழி எங்கே பிறக்கிறது?

ஈசாக்கின் வீட்டைப் பாருங்கள். ஏசா பசியாயிருந்தபோது ஒரு வேளைக் கூழுக்குத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றுவிட்டான் (ஆதி. 25:29-34). பிற்பாடு கண் மங்கின தகப்பனை யாக்கோபு ஏமாற்றி ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டான். அப்பொழுது ஏசா தன் மனதுக்குள் ஒரு முடிவு எடுக்கிறான். தகப்பனுக்காகத் துக்கங்கொண்டாடும் நாட்கள் வரட்டும், அதற்குப் பிறகு தம்பியைக் கொன்றுபோடுவேன் என்பதே அந்த முடிவு (ஆதி. 27:41).

கவனித்தீர்களா? ஏசா நாள் குறிக்கிறான். தகப்பன் உயிரோடிருக்கும்வரை கை அடங்கியிருக்கும், பாடை எழும்பினதும் கை எழும்பும். நம்முடைய ஊர்களிலும் இப்படித்தானே நடக்கிறது? அப்பா இருக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும் முன்னே பேச்சு தடித்துவிடும். அன்றைக்கு எழும்புகிற கோபம் அன்றைக்குப் பிறந்ததல்ல. அப்பா யாருக்கு அதிகம் செய்தார், யார் படிப்புக்குக் கடன் வாங்கினார், யார் கல்யாணத்துக்கு மாட்டை விற்றார் என்று வருஷக்கணக்காய் மனதுக்குள் எழுதி வைத்த கணக்கு அது. நிலம் அந்தக் கணக்கைத் தீர்க்கும் இடமாகிவிடுகிறது.

இந்தக் கணக்கால் நஷ்டப்படுகிறவர்கள் இரண்டு பேர் மட்டுமல்ல. ரெபெக்காள் யாக்கோபைத் தன் சகோதரன் லாபானிடத்துக்கு அனுப்பி, கொஞ்ச நாள் அங்கே இரு என்று சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் 20 வருஷமாயிற்று (ஆதி. 31:41). திரும்பி வந்த மகனை அவள் கண்டதாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. பிள்ளைகள் சண்டையில் தாய் ஒரு பிள்ளையை இழந்துபோனாள்.

2. ஒரு கொல்லையின் கதை

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்லுகிறேன். என் தாத்தா பட்டாளத்திலிருந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பினார். சேர்த்து வைத்த பணத்தில் 1947-ல் ஐந்து காணி நிலமும் அதில் ஒரு கிணறும் வாங்கினார். கவலை ஏற்றத்தில் மாடு கட்டி இறைத்து மல்லாட்டை போட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள்: பெரியப்பா, அத்தை, கடைசியாக என் அப்பா. பாட்டி முன்னமே போய்விட்டார்கள். 1968-ல் தாத்தாவும் ஒரு எழுத்தும் எழுதி வைக்காமல் போய்விட்டார்.

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து வாய்மொழியாகப் பாகம் பிரித்தார்கள். கிணற்றுப் பக்கம் பெரியப்பாவுக்கு, மேட்டுப் பக்கம் அப்பாவுக்கு. தண்ணீர் பொது, மூன்று நாளைக்கு ஒருத்தர் முறை. அத்தையைப் பற்றி ஒரே வார்த்தைதான்: "பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு."

மழை பொய்த்த ஒரு வருஷத்தில் தண்ணீர் முறையில் சண்டை வந்தது. ஒரு ராத்திரி வாய்க்கால் வெட்டி விடப்பட்டது. மறு வாரம் மோட்டார் பெல்ட்டைக் காணோம். அதற்கடுத்த அறுவடையில் எங்கள் மல்லாக்கொடிப் போர் எரிந்து சாம்பலானது. யார் கொளுத்தினது என்று இன்றுவரை தெரியாது. தெரியாதபடியினாலேயே இரண்டு வீட்டிலும் தெரிந்தது போலப் பேசினார்கள். கடைசியில் வரப்பிலே அரிவாள் வெளியே வந்து, பெரியப்பா மகனுடைய கையில் வெட்டு விழுந்தது. போலீஸ், கோர்ட்டு, ஜாமீன் என்று இரண்டு குடும்பமும் கடனாளியானது. பெரியப்பா காலமானபோது முகம் பார்க்கப் போன என் அப்பாவைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பங்காளிக் காய்ச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்!

அதற்குப் பிறகுதான் அத்தை வந்தார்கள். ஒரு நாள் இரண்டு வீட்டாரையும் கிணற்று மேட்டுக்கு வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் சொன்னார்கள்: "எங்கப்பன் சம்பாதிச்ச நிலத்துல எனக்கும் பங்கு இருக்கு. அதைக் கேக்க வந்திருக்கேன். ஆனா போரை எவன் கொளுத்தினான், எவன் வெட்டினான்னு நான் கேக்கப் போறதில்லே. அதைக் கேக்கறவங்க இப்பவே எழுந்து போயிடுங்க." ஒருவரும் எழும்பவில்லை.

சர்வேயர் வந்து அளந்தார். 2003-ல் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. அத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. ஆனாலும் ஒரு காணியோடு போதும் என்றார்கள். கிணறும் அதற்குப் போகிற வழியும் மூவருக்கும் பொது என்று பத்திரத்திலேயே எழுதினோம். ஒன்றுமே கிடைக்காதவர் என்று எல்லோரும் நினைத்த ஒருத்தியால் அந்தக் கொல்லையில் சமாதானம் வந்தது. கர்த்தருக்கே மகிமை!

பிரியமானவர்களே, அத்தை சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தில் இந்தப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பங்கைக் கேட்டார்கள், பழியைக் கேட்கவில்லை. நம்மில் அநேகர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். ஒரு கூட்டத்தார் பங்கு கேட்கப் போய்ப் பழியில் விழுகிறார்கள். இன்னொரு கூட்டத்தார் பழி வேண்டாம் என்று சொல்லி நியாயமான பங்கையும் விட்டுவிட்டு, உள்ளுக்குள் கசந்துபோயிருக்கிறார்கள். இரண்டுமே ஆரோக்கியமல்ல.

3. கூடார வாசலில் நின்ற ஐந்து சகோதரிகள்

பங்கு கேட்பது பாவமா? எண்ணாகமம் 27-க்கு வாருங்கள். செலொப்பியாத் என்ற மனுஷன் வனாந்தரத்தில் மரித்துப்போனான். அவனுக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து குமாரத்திகள். இவர்கள் என்ன செய்தார்கள்? மோசேக்கும், ஆசாரியனுக்கும், பிரபுக்களுக்கும், சபையார் எல்லாருக்கும் முன்பாக ஆசரிப்புக் கூடார வாசலில் வந்து நின்றார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசே கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரியே என்று கர்த்தர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அதை இஸ்ரவேலுக்கு ஒரு நியமமாகவும் ஏற்படுத்தினார். யோசுவாவின் நாட்களில் அவர்கள் தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டதையும் வாசிக்கிறோம் (யோசுவா 17:3-6). யோபுவும் தன் குமாரத்திகளுக்குச் சகோதரர்கள் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் (யோபு 42:15).

இதைப் போன்ற ஒரு காரியம் நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஒரு விவசாயி 1938-ல் கோர்ட்டு ஏலத்தில் நிலம் வாங்கினார். அவருக்கு மகன் இல்லை, ஒரே மகள். 1949-ல் அவர் மரித்ததாகக் கோர்ட்டு முடிவு செய்தது. அந்த மகளும் 1967-ல் பிள்ளையில்லாமல் காலமானார். நிலம் யாருக்கு? விவசாயியின் சகோதரருக்கு ஒரு மகனும் நான்கு மகள்களும் இருந்தார்கள். அந்த மகள்களில் ஒருவர், எனக்கு ஐந்தில் ஒரு பங்கு உண்டு என்று 1991-ல் வழக்குப் போட்டார். 1994-ல் கீழ்க்கோர்ட்டில் தள்ளுபடி. 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தள்ளுபடி. 2022 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. தகப்பன் தானே சம்பாதித்த சொத்து, அவர் உயில் எழுதாமல் மரித்தால், 1956-க்கு முன்பாக மரித்திருந்தாலும் மகளுக்கே சேரும் என்று சொல்லி, கேட்ட பங்கைக் கொடுத்தது. வழக்கின் பெயர் அருணாச்சல கவுண்டர் எதிர் பொன்னுசாமி. வழக்குப் போட்ட அம்மா தீர்ப்பைக் காண உயிரோடில்லை. வழக்குக்கு மட்டும் 31 வருஷம். ஆனாலும் அந்த ஒரு தீர்ப்பு எத்தனையோ மகள்களுக்கு நியமமாயிற்று.

இதிலிருந்து உரிமைக்கும் பழிக்கும் உள்ள மூன்று வித்தியாசங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உரிமை வெளிச்சத்தில் கேட்கும், பழி இருட்டில் செய்யும். ஐந்து சகோதரிகள் எல்லார் முன்பாகவும் கேட்டார்கள். போர் கொளுத்தினவன் ராத்திரியில் வந்தான்.

இரண்டாவது, உரிமைக்கு அளவு உண்டு, பழிக்கு அளவில்லை. ஐந்தில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று உரிமையை அளக்கலாம். ஒரு வாய்க்காலுக்கு ஒரு போர், ஒரு போருக்கு ஒரு கை என்று பழி ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது, உரிமை கிடைத்ததும் ஓய்ந்துவிடும். பழியோ பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கைமாறும். பட்டா மாற்ற தாசில்தாரிடம் போக வேண்டும். பகையை மாற்ற எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம், அது தானாகவே அடுத்த தலைமுறை பெயரில் ஏறிவிடும். எச்சரிக்கையாயிருங்கள்!

4. சட்டம் என்ன சொல்லுகிறது?

அறியாமையினாலே வருகிற சண்டைகள் அநேகம். அதனால் முக்கியமானதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

இந்துவாயிருந்த தகப்பன் தானே சம்பாதித்த நிலத்தை விட்டு, உயில் எழுதாமல் மரித்தால், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. தகப்பனுடைய தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. என் அத்தைக்கு 1968-லேயே மூன்றில் ஒன்று இருந்தது. சீர் செய்தது பங்குக்கு ஈடாகாது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு அரசு 1989-ல் மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் அப்போது விடுபட்டார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். தகப்பன் உயில் இல்லாமல் மரித்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியை மகனும் மகளும் சமமாகப் பெறுவார்கள். "பொம்பளப் பிள்ளைக்குப் பங்கு கிடையாது" என்று சொல்லுகிற கிறிஸ்தவத் தகப்பன் வேதத்துக்கும் விரோதமாய், சட்டத்துக்கும் விரோதமாய்ப் பேசுகிறான். திருவிதாங்கூரில் 1916-ம் வருஷத்துச் சட்டப்படி கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைத்தது. மேரி ராய் என்ற ஆசிரியை உச்ச நீதிமன்றம்வரை போனார். 1986-ல் அந்த ஏற்பாடு செல்லாது, 1925-ம் வருஷத்துச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பானது.

இன்னொன்று. நம் சபையில் பலர் குடும்பத்தில் முதலாவதாக இரட்சிக்கப்பட்டவர்கள். "நீ வேதம் மாறிட்டே, உனக்கு இனிமே பங்கு கிடையாது" என்று கூடப்பிறந்தவர்கள் சொல்லும்போது கலங்கிப்போகிறார்கள். அது உண்மையல்ல. மதம் மாறினதால் வாரிசுரிமை போகாது என்று 1850-லேயே சட்டம் வந்தது. 1956-ம் வருஷத்துச் சட்டமும் மாறினவரைத் தள்ளவில்லை. ஆனால் அதன் 26-வது பிரிவைக் கவனியுங்கள். மாறினபின் பிறந்த பிள்ளைகளும் அவர்கள் சந்ததியும், அந்த நேரத்தில் இந்துவாயிராவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அதாவது நீங்கள் உங்கள் தகப்பனுக்கு முன்பே மரித்துப்போனால், மாறினபின் உங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் தாத்தா சொத்தில் வாரிசாக வர முடியாது. தாத்தா விரும்பினால் தன் சொந்தச் சொத்தை அவர்களுக்கு உயில் எழுதி வைக்கலாம். இதை முன்னமே அறிந்திருந்தால் பின்னால் பகைக்கு இடமிராது.

5. விசுவாசி கோர்ட்டுக்குப் போகலாமா?

இது எப்போதும் வருகிற கேள்வி. சகோதரன் சகோதரன்மேல் அவிசுவாசிகளுக்கு முன்பாக வழக்காடுவதைப் பவுல் கண்டிக்கிறார் (1 கொரி. 6:1-8). உங்களுக்குள்ளே ஒரு விவேகி இல்லையா என்று வெட்கப்படும்படி கேட்கிறார். ஆகவே முதலாவது பேச்சு, இரண்டாவது பெரியவர்களின் மத்தியஸ்தம். ஆனால் அதே பவுல், அநியாயம் நேரிட்டபோது இராயனுக்கு அபயமிட்டார் (அப். 25:11). நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்காக ராஜ முத்திரை போட்ட கடிதமும் பொய்ச் சாட்சியும் எழும்பினபோது, கேட்பார் இல்லாமல் ஒரு நீதிமான் கல்லெறியுண்டு செத்தான் (1 இராஜா. 21). கள்ளப் பத்திரத்துக்கு முன்னால் மவுனமாயிருப்பதைத் தாழ்மை என்று சொல்ல முடியாது.

பேச்சிலும் மத்தியஸ்தத்திலும் தீராவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயிருந்தாலும், அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பெறுகிற தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. 31 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. கோர்ட்டுக்கே போனாலும், கேட்க வேண்டியது பங்கு மட்டும். கூடப்பிறந்தவனை அவமானப்படுத்தப் போடுகிற பொய்க் கேஸ், உரிமை வழக்கின் வேஷம் போட்ட பழி. பழிவாங்குதல் கர்த்தருக்குரியது, அதை அவர் கையில் விட்டுவிடுங்கள் என்றுதானே ரோமர் 12:19 நமக்குப் போதிக்கிறது?

6. பழி எப்படி இறங்கும்?

திரும்பவும் ஆதியாகமத்துக்கு வருவோம். ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேள்விப்பட்டு யாக்கோபு பயந்தான். என்ன செய்தான்? ஜெபித்தான். ஜெபித்ததோடு நிற்கவில்லை. ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மிருகங்களைப் பிரித்து முன்னே அனுப்பினான் (ஆதி. 32:13-15). ஏழுதரம் தரைமட்டும் குனிந்து அண்ணனிடத்தில் போனான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதான். எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உனக்கே இருக்கட்டும் என்றான். யாக்கோபு விடாமல் வற்புறுத்தி வாங்கிக்கொள்ளச் செய்தான் (ஆதி. 33:9-11).

பாருங்கள், இரண்டு பேரும் அசைந்தார்கள். ஏமாற்றினவன் வெறும் வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை, பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். ஏமாந்தவன் குறித்து வைத்த நாளை விட்டுவிட்டான். அண்ணன் நிலத்தை அமுக்கிக்கொண்டு "மன்னிச்சுடு தம்பி, ஜெபம் பண்ணிக்கலாம்" என்று சொன்னால் அது ஒப்புரவாகாது. தம்பி பங்கை வாங்கின பிறகும் முகம் பாராதிருந்தால் அதுவும் ஒப்புரவாகாது.

இந்தக் கதையின் முடிவை அநேகர் கவனிப்பதில்லை. ஆதியாகமம் 35:29-ஐ வாசியுங்கள். ஈசாக்கு மரித்தபோது அவனை அடக்கம் பண்ணினது யார்? ஏசாவும் யாக்கோபும். தம்பியைக் கொல்லக் குறித்த நாள் தகப்பனுடைய துக்க நாள். அந்த நாள் வந்தபோது இரண்டு பேரும் ஒரே குழியண்டையில் நின்றார்கள். அல்லேலூயா!

7. பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகள் சண்டைக்குப் பாதிக் காரணம் பெரியவர்கள் எழுதி வைக்காமல் போவதுதான். நம்முடைய பகுதிக்குப் பெயர் தந்த ஆசிரமத்தின் சரித்திரத்திலும் இது உண்டு. முன்பு நிர்வாகம் பார்த்த ஒருவர் அந்த உரிமை தனக்கே என்று வழக்குப் போட்டார். 1936-ல் கோர்ட்டு கமிஷன் ரமணரிடமே வாக்குமூலம் வாங்கியது. பிற்பாடு 1938-ல், நிர்வாகம் தம்பி நிரஞ்சனானந்தருக்கும் அவர் வழியாருக்கும் என்று உயில் எழுதப்பட்டது. ரமணர் மறைந்தது 1950-ல், அதாவது உயில் எழுதி 12 வருஷம் கழித்து. 1896-ல் கையிலிருந்ததையும் விட்டெறிந்து கோவணத்தோடு இருந்த ஒருவருக்கே கடைசியில் ஒரு காகிதம் தேவைப்பட்டது. ஐந்து காணியும் மூன்று பிள்ளையும் வைத்திருக்கிற நமக்கு வேண்டாமா?

ஆகவே, சுயபுத்தியோடிருக்கும்போதே எழுதி வையுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்வது நல்லது. உயிலை உயிரோடிருக்கும்வரை மாற்றலாம். தான செட்டில்மெண்ட் எழுதினால் சொத்து அப்போதே கைமாறிவிடும். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுங்கள். அப்போதுதான், பிள்ளை கைவிட்டால் 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்க முடியும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினால் கட்டாயம் பதிவு செய்யுங்கள். பட்டா மாத்திரம் போதும் என்று இராமல் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சரிபாருங்கள். கிணறு, வழி, மோட்டார் சர்வீஸ் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் மூளுகிறது. மகளுக்கும் சம பங்கு எழுதுங்கள். எழுதினதைப் பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். இரகசிய உயில் சமாதானத்தைக் கொண்டுவராது.

குடும்ப ஜெபத்தில் பேசிக்கொள்ள

1. எங்கள் வீட்டு நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது? அதில் பங்குள்ள யாருடைய பெயராவது விடுபட்டிருக்கிறதா?

2. கூடப்பிறந்தவர்களில் யாருடைய வீட்டு நன்மை தீமைக்கு நாங்கள் போகாதிருக்கிறோம்? அதற்கு உண்மையான காரணம் நிலமா, வேறு பழைய கணக்கா?

3. யாக்கோபைப்போலத் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏதாவது எங்கள் கையில் உண்டா?

4. ஏசாவைப்போல நாங்கள் குறித்து வைத்திருக்கும் நாள் ஏதாவது உண்டா? அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

இந்த நான்கு கேள்விக்கும் இந்த வாரமே உட்கார்ந்து பதில் பேசுங்கள். பேசி முடித்து இப்படி ஜெபியுங்கள்: "ஆண்டவரே, எனக்குரிய பங்கை வெளிச்சத்தில் கேட்கத் தைரியம் தாரும். எனக்கு உரியதல்லாததைத் திருப்பிக் கொடுக்க மனது தாரும். என் கையிலிருக்கும் பழியை உம்முடைய கையில் வைத்துவிடுகிறேன். என் பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுச் சென்றாலும் செல்லாவிட்டாலும், பகையை விட்டுச் செல்லாதபடி காத்துக்கொள்ளும். ஆமென்."

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களில் சமாதானத்தைக் கட்டளையிடுவாராக.